இயங்கும் நிலையில் இரண்டு பெட்டிகள்

கம்மாபுரம்,
11.6.2017

அன்பு மகள் வெண்மதிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் புதிதாக எந்த மாத்திரையும் கூடாமல் நன்றாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அந்த ஆக்லாந்து குளிரில் உடம்பைப் பார்த்துக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும். தினமும் போனில் பேசிவிட்டு இதென்ன தபால் என்று யோசிப்பாய். இதோடு ஒரு ஃபாரம் வைத்திருக்கிறேன். நெய்வேலி குவார்ட்டர்ஸில் நீ போட்டுக் கொடுத்த நெட்டும் டிவியும் சேர்ந்த கனெக்‌ஷனை நிறுத்துவதற்கான ஃபாரம். கனெக்‌ஷன் உன் பேரில் இருப்பதால் நீயே மையில் கையெழுத்துப் போட வேண்டுமாம், படம் எடுத்து அனுப்பினால் ஒத்துக்கொள்ள மாட்டார்களாம். இரண்டு மாதமாக நடந்ததை உன்னிடம் மறைத்ததற்கு முதலில் கோபித்துக்கொள், அப்புறம் படி. போனில் சொல்லியிருந்தால் நீ அந்த நிமிஷமே கார்டை எடுத்து மிச்ச மாதத்துக்கெல்லாம் கட்டி முடித்திருப்பாய். கட்டினால் தீருகிற விஷயமாக இருந்தால் நானே கட்டியிருப்பேனே அம்மா.

தப்பு என்னுடையது. முப்பத்து நான்கு வருஷம் மைன்ஸில் மெஷின் ஓட்டியவன் நான், அடுத்த ஷிப்ட் ரிலீவர் வந்து கைப்பிடியைப் பிடிக்காமல் ஒரு நாளும் கீழே இறங்கியதில்லை. போன டிசம்பரில் குவார்ட்டர்ஸைக் காலி செய்யும்போதும் அதே புத்திதான். ஃபேன், டியூப் லைட், குழாய், சாவி என்று சரிபார்த்துக்கொண்டு வந்தார்களே, அந்தப் பட்டியலின் அடியில் நான் என் கையால் நெட் பெட்டி ஒன்று, டிவி பெட்டி ஒன்று, இயங்கும் நிலையில் என்று எழுதினேன். சரிபார்க்க வந்தவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். எனக்கு ஏதோ பெரிய சாதனை செய்த மாதிரி இருந்தது. நமக்கு அங்கே எல்லாம் குவார்ட்டர்ஸோடுதானே வந்தது? கரண்ட், தண்ணீர் எல்லாம் சம்பளத்தில் பிடித்தம். அது போல இதுவும் அடுத்து வருகிறவன் பேருக்குத் தானாக மாறி, அவன் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். அடுத்து வந்தவன் இளவழகன், நம் கம்மாபுரம் பக்கத்துப் பையன், பையன் என்றால் நாற்பது வயது. பதினெட்டு வருஷம் கான்ட்ராக்டில் இருந்து இப்போதுதான் பெர்மனென்ட் ஆனவன், இன்னும் புரொபேஷன் முடியவில்லை. வீட்டைப் பார்க்க வந்தவனுக்கு எந்தக் குழாய் இறுகும், எந்த ஜன்னல் மழைக்கு உப்பும் என்று சொன்னதோடு, நெட் பெட்டியில் சிவப்பு விளக்கு வந்தால் பின்னால் எந்த பட்டனை அமுக்க வேண்டும் என்றும் காட்டிக் கொடுத்தேன். அவன் மனைவி அம்சவல்லி தனியாக ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். பிடித்தத்தில் இதுவும் சேர்ந்திருக்கும் என்று அவர்களும் நம்பிவிட்டார்கள். உன் கார்டில் மாதம் பிறந்தால் போய்க்கொண்டே இருந்திருக்கிறது, லைனும் எங்களோடு இந்த வீட்டுக்கு வந்துவிட்டது என்று நீ நினைத்திருப்பாய், எங்கள் யாருக்கும் தெரியாது.

ஏப்ரலில் இந்த வீட்டுக்கு ஒரு லைன் கேட்கலாம் என்று கம்பெனிக்குப் போன் செய்தபோதுதான் குட்டு உடைந்தது. இந்த ஊருக்கு எங்கள் ஒயர் வராது, ஆனால் பழைய விலாசத்தில் உங்கள் மகள் பேரில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறதே என்றார்கள். அப்படியானால் நிறுத்துங்கள் என்றேன். ஒப்பந்தம் செப்டம்பர் வரை இருக்கிறது, நடுவில் நிறுத்தினால் அபராதம், பெட்டிகளையும் திருப்பித் தர வேண்டும் என்றார்கள். பெட்டி குவார்ட்டர்ஸில் இருக்கிறது என்று நான் பெரிய அரிச்சந்திரன் மாதிரி சொல்லிவைத்தேன். மறுநாளே அவர்களுடைய நெய்வேலி ஏஜென்ட் அங்கே போய் நின்றுவிட்டான். தெருவே பார்க்க, இது திருட்டு உபயோகம், போலீசில் எழுதிக் கொடுப்பேன், டவுன்ஷிப் ஆபீசுக்கும் லெட்டர் போகும் என்று கத்தியிருக்கிறான். அவங்களா கொடுத்துட்டுப் போனாங்களா, நீயா எடுத்துக்கிட்டியா, ஒண்ணை எழுதிக் கொடு என்று கேட்க, இளவழகன் நானேதான் எடுத்துக்கினேன் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டான்.

இது எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், மூன்றாம் நாள் அம்சவல்லி புருஷனுக்குத் தெரியாமல் பஸ் ஏறி நம் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் என்னிடம் பேசவில்லை, அம்மாவைத்தான் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய், "அவுரு ரெண்டு நாளா சாப்பிடலீங்க, ஜூலை கடைசில வேலய உறுதி பண்ணுவாங்க, அந்தப் பேப்பரு ஆபீசுக்குப் போயிட்டா பதினெட்டு வருசமும் பூடுங்க" என்று அழுதிருக்கிறாள். அம்மா உள்ளே வந்து என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத மாட்டேன். உங்கள் இயங்கும் நிலை யார் தலையில் போய் விழுந்திருக்கிறது பாருங்கள் என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கு எனக்கும் சோறு இறங்கவில்லை வெண்மதி. மீதியைக் கட்டிவிடலாம், ஆனால் கட்டினாலும் அந்தப் பையன் திருடன் என்று எழுதிக் கொடுத்த காகிதம் அப்படியே அல்லவா இருக்கும்? அதனால்தான் உன்னிடம் சொல்லவில்லை.

ஏஜென்டைப் போய்ப் பார்த்தேன். ஏசி அறை, பேச்செல்லாம் தேன். அதே குவார்ட்டர்ஸில் இன்னும் ஒரு வருஷம் உங்க பொண்ணு பேர்லயே ஓடட்டும் சார், நீங்க அவங்களுக்காக இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க, அவர் கொடுத்த பேப்பரை உங்க கண்ணு முன்னாடியே கிழிச்சுப் போட்டுடறேன் என்றான். எனக்கு வந்த கோபத்துக்கு மேஜையைப் புரட்டியிருக்க வேண்டும். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், கை பேனாவை எடுத்துவிட்டது. இளவழகன் முகம்தான் கண்ணில் நின்றது. கூட வந்த அம்மாதான், படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போட மாட்டார், கண்ணாடி வீட்டில் இருக்கிறது, வருகிறோம் என்று சொல்லி என்னைக் கிளப்பிக்கொண்டு வந்தாள். கண்ணாடி என் சட்டைப் பையில்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து கம்பெனியின் இலவச நம்பருக்குப் போட்டேன். முன்னே ஆறு தடவை போட்டு ஆறு பிள்ளைகளிடம் ஒரே கதையைச் சொல்லியிருந்தேன், எல்லோரும் சிரமத்துக்கு மன்னிக்கவும் என்றார்கள். ஏழாவதாக எடுத்த பெண் பேர் சத்யா. அவள் மட்டும், முழுசா சொல்லுங்க ஐயா, நான் கேக்குறேன் என்றாள். கேட்டுவிட்டு, உங்க ஒப்பந்தத்தை எடுத்துக்கிட்டு வாங்க, நான் லைன்ல இருக்கேன் என்றாள். நீ டிரங்குப் பெட்டியில் போட்டுவிட்டுப் போன அந்தத் தாளைத் தேட எனக்குக் கால் மணி நேரம் ஆனது, அந்தப் பெண் காத்திருந்தாள். நாலாவது பக்கம் படிக்கச் சொன்னாள். குடிபோகிற இடத்தில் கம்பெனியால் லைன் கொடுக்க முடியாவிட்டால் அபராதம் இல்லாமல் நிறுத்திக்கொள்ளலாம் என்று அதிலேயே போட்டிருக்கிறது, எறும்பு சைஸ் எழுத்தில். அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். புகார் நம்பர் வாங்காமல் போனை வைக்காதீர்கள், இதோ நம்பர். ஏஜென்ட் வாயால் சொல்வது எதுவும் கணக்கில்லை, எழுத்தில் கேளுங்கள். பெட்டியைக் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். புகாருக்குச் சரியான பதில் வராவிட்டால் முப்பது நாளுக்குள் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள், அது உங்களுக்கு உள்ள உரிமை. மிரட்டி இன்னொரு வருஷம் எழுதி வாங்குவதற்கு யாருக்கும் அதிகாரம் இல்லை, போடாமல் வந்தீர்களே, நல்லது என்றாள். உன்னை இப்படிப் பேச விடுவார்களா அம்மா என்று கேட்டேன். இந்தக் கால் ரெக்கார்ட் ஆகுதுங்க ஐயா, எங்க தாள்ல உள்ளதைத்தான் நான் படிக்கச் சொன்னேன் என்றாள். அந்தப் பிள்ளையைப் பெற்றவர்கள் நன்றாக இருக்கட்டும்.

புகாருக்கு வந்த பதில் மழுப்பல். மேல்முறையீடு எழுதினேன், யூனியன் மனு எழுதிப் பழகிய கை, மூன்று பக்கம் போய்விட்டது. அம்மா படித்துவிட்டு ஆரம்பத்தில் நான் மைன்ஸ் வரலாறு எழுதியிருந்ததையெல்லாம் அடித்து ஒரு பக்கமாக்கினாள். அதோடு அந்தக் குவார்ட்டர்ஸ் பட்டியலின் நகல். நான் கொடுத்தேன், அவன் எடுக்கவில்லை என்பதற்கு என் கையெழுத்தே சாட்சி. அசட்டுத்தனமாக எழுதியது அங்கே உதவியது. போன வியாழக்கிழமை பதில் வந்தது. அபராதம் கிடையாது, நாங்கள் நிறுத்தச் சொன்ன நாளுக்கு அப்புறம் பிடித்ததெல்லாம் உன் கார்டுக்கே திரும்பி வரும், இளவழகனிடம் வாங்கிய காகிதத்தைத் திருப்பிக் கொடுத்து, அவர் மேல் புகார் ஒன்றும் இல்லை என்று கடிதமும் கொடுப்பார்கள். பெட்டி இரண்டையும் அவனும் நானும் கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கிவிட்டோம். இனி உன் கையெழுத்துப் போட்ட ஃபாரம் மட்டும்தான் பாக்கி, அது கிடைத்தால்தான் அவன் காகிதத்தையும் கொடுப்பார்களாம், ஜூலை பத்துக்குள் வந்து சேர வேண்டும். சத்யாவிடம் சொல்லலாம் என்று மறுபடி அந்த நம்பருக்குப் போட்டேன், வேறு யாரோதான் எடுக்கிறார்கள், பேரைச் சொன்னால் கொடுக்க மாட்டார்களாம். நீ இங்கிலீஷில் நன்றாக எழுதுவாய், அந்தப் பெண்ணைப் பாராட்டிக் கம்பெனிக்கு ஒரு மெயில் போடு, புகார் நம்பர் ஃபாரத்தின் மேலேயே இருக்கிறது.

அம்மாவுக்குக் கழுத்து வலி பரவாயில்லை. இந்த வீட்டில் காற்று நன்றாக வருகிறது, மாடியில் போய் நின்றால் போனில் உன் படம் நிற்காமல் வருகிறது, அதனால் புது லைன் போட்டுத் தருகிறேன் என்று ஆரம்பிக்காதே. இரண்டு வருஷமாக நீ போட்டுக் கொடுத்த அந்த லைனில்தான் உன் முகத்தைப் பார்த்துப் பார்த்து நாங்கள் தூங்கப் போனோம். அதற்கு நான் ஒரு நாளும் வாய் திறந்து நன்றி சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

இன்னும் ஒன்று எழுத வேண்டும், அதற்காகத்தான் இத்தனை நீளம் எழுதினேன். இளவழகன் பயந்துபோய்தான் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டான் என்று நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். பெட்டிகளைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கும்போது, நான்தான் கொடுத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தம்பி, நான் வந்து பதில் சொல்லியிருப்பேனே என்று கேட்டேன். அவன் டீயைப் பார்த்துக்கொண்டே, "அந்த ஏஜென்டு காட்டுன பில்லுல உங்க பொண்ணு பேரு இருந்துச்சுங்க. நீங்க குடுத்தீங்கன்னு நான் எழுதிக் குடுத்தா கேசு அது பேருலதான வரும். வெளிநாட்டுல இருக்கிற புள்ள, பாஸ்போர்ட்டுல எதுனா ஆயிப் போச்சுன்னா? எனக்குன்னா இங்கியே இருக்கேன், எப்பிடியாச்சும் சமாளிச்சிக்கினு போயிடுவேன்" என்றான். சட்டப்படி அப்படி ஆகுமா ஆகாதா என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பதினெட்டு வருஷம் காத்திருந்து வாங்கிய வேலையை, முகம் கூடப் பார்க்காத உனக்காக ஒரு நிமிஷத்தில் பணயம் வைத்துவிட்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, கடைக்காரர் பார்க்கிறார் என்று கூட நினைக்கவில்லை. அம்மாவிடம் வந்து சொன்னேன், நமக்கு ஒரு பிள்ளையும் இருந்திருக்கிறான், நாம்தான் கவனிக்கவில்லை என்றாள்.

குலதெய்வம் உங்கள் இருவரையும் எந்தக் குறையும் அண்டாமல் காக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. ஃபாரத்தில் பென்சிலால் புள்ளி வைத்த இரண்டு இடத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி கையெழுத்துப் போட்டு, கிடைத்த அன்றே தபாலில் சேர்த்துவிடு. இளவழகன் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ஷிப்ட் முடிந்து அவன் வீட்டுக்கு வரும் நேரம் பார்த்துக் கூப்பிட்டு, அண்ணா, நான் வெண்மதி பேசுகிறேன், கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன் என்று உன் வாயால் சொல்.

உன் அப்பா,
தனகோடி
(அம்மா கனகமும் அருகில் இருந்து படித்துச் சரி சொல்லிவிட்டாள்)