முதுகுக்குச் சொன்ன சமாதானம்

தவக்காலம், மூணாம் ஞாயிறு. ராத்திரி.

பூசையில சாமியார் சமாதானம் பகிரச் சொன்னதும் பக்கத்துல நின்னவங்களுக்கெல்லாம் சும்மா தலையாட்டிக் கைகூப்பினேன். பின்னால திரும்பினா என் தங்கச்சி லில்லி. என் வீட்டுக்காரர் செத்த முப்பதாம் நாள் பூசைக்குக்கூட எட்டிப் பார்க்காதவ. முக்காட்டைச் சரிபண்றாப்புல முன்னால திரும்பிட்டேன்.

"சமாதானம்க்கா"ன்னா. காதுல நல்லாவே விழுந்துச்சு.

அந்தக் கோபத்தோடயே போய் நன்மை அப்பமும் வாங்கிட்டேன். நாக்குல கரையவே மாட்டேன்னுச்சு.

வெளிய வந்தப்ப ஆலங்குடி பஸ்ல ஏறிக்கிட்டிருந்தா. கூப்பிட வாய் வரலை.

ஆண்டவரே, ஒரு வார்த்தை பேச வரலையேன்னுதானே எனக்கு அவ மேல இத்தனை கோபம்?

இன்னைக்குப் பூரா என்கிட்ட வாய் திறந்து பேசினது அவ ஒருத்திதான்.