குடை நீட்டுகிற வாத்து

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சொன்னபடி கேட்கிறது, வீட்டில் எல்லோரும் சுகம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன். முதலில் ஒன்றைத் திருத்திவிட வேண்டும். அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, விடிந்தால் டிவி முன்னால் உட்கார்ந்து வாத்து விளையாட்டு ஆடுகிறாள் என்று உன் அண்ணன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான். குளித்து, பேப்பர் படித்து, துணி மடித்த பிறகுதான் உட்காருகிறேன். அதுவும் பொழுது போகாமல் அல்ல. என் மகள் வேலை செய்த விளையாட்டை முழுதாகப் பார்க்காமல் நன்றாக இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

நீங்கள் இருவரும் பள்ளி விட்டு வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் பார்த்த கார்ட்டூன்தானே அது. சிவப்புக் குடை வைத்திருக்கிற வாத்து, மேகங்களைத் திருடுகிற இரும்பு ஆட்கள். விளையாட்டிலும் அதே கலகலப்பு. ரத்தம் இல்லை, கெட்ட வார்த்தை இல்லை. அடி வாங்கிய இரும்பாள் பொத்தென்று உட்கார்ந்து தலையைச் சொறிகிறான், இன்னொன்று போட்டால் நட்டும் போல்ட்டுமாகச் சிதறுகிறான். அந்த இன்னொன்றைத்தான் என்னால் போட முடியவில்லை. நான் படித்த கான்வென்டில் த்ரோபால் ஆடும்போது விழுந்தவள் எழுந்திருக்கும் வரை எல்லோரும் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் சிஸ்டர் ஆட்டத்தையே நிறுத்திவிடுவார். அந்தப் பழக்கத்தில் கை தானாக நின்றுவிட்டது. பக்கத்தில் உன் அண்ணி, "அடிங்க அத்தை, அவன் என்ன உங்க சம்பந்தியா, மரியாதை பாக்கறீங்க?" என்று கத்துகிறாள். நான் அசையவில்லை. அப்போது வாத்து தானாகவே குடையை மடித்து அவன் பக்கம் நீட்டியது. அவன் அதைப் பிடித்து எழுந்து, மேலெல்லாம் தட்டிவிட்டுக்கொண்டு என் பின்னாலேயே வந்துவிட்டான். அடுத்த ஆற்றைத் தாண்ட அவனே பாலமாகப் படுத்தான். உன் அண்ணி கத்துவதை விட்டு எனக்குக் காபி போட்டுக்கொண்டு வந்தாள், அது லேசில் நடக்கிற காரியமில்லை.

போனில் கேட்டபோது அது உன் யோசனை என்றாய். எல்லாம் என் வளர்ப்பு என்று சொல்லிக்கொள்ளவும் எனக்கு வழியில்லை. சின்ன வயதில் நீ, கீழே விழுந்த அண்ணன்மேல் ஏறி உட்காருகிற ரகம். இது உனக்குத் தானாகத் தோன்றியது, அதனால்தான் இத்தனை பெருமை. ஆனால் அதே மூச்சில், யாரும் அப்படிக் காத்திருப்பதில்லையென்று உங்கள் குழுத் தலைவர் அடுத்த மாதக் கூட்டத்தில் அதைப் புதிய பதிப்பிலிருந்து நீக்கப்போகிறார் என்றும் சொன்னாய். "விடும்மா, எல்லாரும் சரின்னுட்டாங்க, நான் மட்டும் எதுக்கு மல்லுக்கட்டணும்" என்றாய். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கீழ்வீட்டுப் பல் டாக்டர் இந்த ஆட்டத்தைக் கடைசிவரை ஆடி முடித்தவர். அவருக்கே இது தெரியாது. ஆடிக் காட்டினேன். மனிதர் என் கையிலிருந்ததை வாங்கித் தானும் ஒருமுறை செய்து பார்த்தார். பிறகு, "அப்போ இத்தனை பேரையும் அநியாயமா உடைச்சுட்டேனே" என்று சொல்லிவிட்டுப் போய், முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டார். உன் அண்ணனும் நான் இல்லாதபோது குடை நீட்டிப் பார்க்கிறான், அண்ணி சொன்னாள். யாருக்கும் தெரியாதது வேறு, யாருக்கும் வேண்டாதது வேறு. இதை அப்படியே உன் தலைவரிடம் சொல். முதல் கட்டத்திலேயே விழுந்த இரும்பாள் ஒருவன் கையை நீட்டட்டும், ஆடுகிறவர்களுக்கு விளங்கிவிடும். குறையும் ஒன்று உண்டு: அந்த வாத்து திறந்த கதவு ஒன்றைக்கூடச் சாத்துவதில்லை. உன் அப்பா இருந்திருந்தால் தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்து உன் விளையாட்டைக் காட்டியிருப்பார். நான் அப்படியில்லை, பல் டாக்டரோடும் பால்காரரோடும் நிறுத்திக்கொண்டேன்.

மனத்தெம்போடு நீ நீண்ட நாள் நன்றாயிருக்க வேண்டும். பழைய கண்ணாடியை மாற்று. கூட்டத்தில் நிமிர்ந்து உட்கார், மற்றவர்கள் தொடங்குமுன் நீ பேசு. பேசி முடித்ததும் நீ என்ன சொன்னாய், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தாளில் எழுதி அனுப்பு.

உன் அம்மா