மீன்தொட்டி மலை ஊறுகிறது

6 அக்டோபர், திங்கள்

காலையிலிருந்து மழை. குனோங் ராபாட் மலைகள் ஒன்றுமே தெரியவில்லை. எங்கள் வீட்டு மலை மட்டும் பின்வாசல் கூரைக்கு அடியில், துணி ஊறவைக்கும் பெரிய தொட்டியில்.

மீன்தொட்டிக்குள் பின்பக்கமாக ஒட்டுவதற்கு என் வீட்டுக்காரர் சேகர் செய்தது. டிவி வந்த பெட்டியின் வெள்ளை ஃபோம். இடது கையாலேயே செதுக்கி, இடது கையாலேயே சிமெண்ட் பூசி, நடுவில் ஒரு குகை. நான் குழைத்துக் கொடுத்ததோடு சரி. பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்த பிறகு அவர் தானாக எழுந்து உட்கார்ந்து செய்த முதல் வேலை. அதுவரை சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தார். கைப்பயிற்சிக்குக் கூப்பிட்டால் கண்ணை மூடிக்கொள்வார்.

மீன் கடை முதலாளி, தவுக்கேயிடம் கேட்டேன். சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு இறங்கிக்கொண்டே இருக்குமாம். டிஸ்கஸ் மீனுக்கு ஆகவே ஆகாதாம். "இக்கான் மாத்தி லா" என்று சிரிக்கிறார். மீன் செத்துப்போகும் என்பதைச் சிரித்துக்கொண்டா சொல்வது?

செய்ய வேண்டியது:
– தேய்த்துக் கழுவி, தண்ணீர் மாற்று
– சோதனை அட்டையை நனைத்துப் பார். சுண்ணாம்பு இருந்தால் நீலம், கூடாது. பச்சை சரி
– பச்சை வந்தாலும் நம்பாதே. இரண்டு நாள் விட்டு மறுபடி பார்
– ஒட்டுகிற சிலிகான் எந்த வகை??

இன்று அட்டை: கருநீலம்.

7 அக்., செவ்வாய்

டோபி கடையில் வேலை ஓடவில்லை. ஒரு வாடிக்கையாளரின் சட்டையை வேறொருவர் பையில் போட்டுவிட்டேன். தலை முழுக்க சிலிகான்.

வந்ததும் வராததுமாக அலமாரியைக் குடைந்தேன். வீட்டில் இருந்த சிலிகான் பாத்ரூம் ஓரத்துக்கு வாங்கியதில் மிச்சம். பூஞ்சை பிடிக்காத வகை. அதில் கலந்திருக்கும் மருந்து மீனுக்கு விஷம் என்று தவுக்கே சொல்லியிருந்தார். நல்லவேளை, இன்னும் ஒட்டவில்லை. மருந்து கலக்காத வேறொன்று வாங்கி வந்தேன். வீட்டுக்காரரிடம் "பழசு காஞ்சிப் போச்சிங்க" என்று ஒரு பொய்.

மீன்கள் மூன்றும் சமையலறையில் பிளாஸ்டிக் பெட்டியில். காற்று மோட்டார் சத்தம். பெரியது கறுத்துப்போய் மூலையில். சாப்பிடவில்லை.

அட்டை: நீலம்.

9 அக்., வியாழன்

நேற்று எழுதவில்லை. தலைவலி.

இன்று அவரைத் திட்டிவிட்டேன். இடது கையால் மலையைத் தேய்க்கிறார், வலது கை பாட்டுக்குத் தண்ணீருக்குள் கிடக்கிறது. எடுத்துப் பார்த்தால் விரலெல்லாம் தோல் வெடித்திருக்கிறது. சிமெண்ட் தண்ணீர். விரல் மடங்கியே இருப்பதால் கையுறை நுழையாது.

"வலிக்கலையா?"

"தெரியல" என்றார். வாய் குழறியது.

எண்ணெய் தடவினேன். தடவுவதும் தெரியவில்லை அவருக்கு. கிளினிக்கில் தாதி குத்திப் பார்த்தபோதும் இப்படித்தான் வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தார்.

மீனைப் பற்றிப் பயப்படுகிறேன் என்று தினம் எழுதுகிறேன். மீன் இல்லை. இந்த மலையால் ஒரு மீன் செத்தாலும் இவர் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார். அப்புறம் எழுப்ப முடியாது. அதுதான் பயம்.

10 அக்., வெள்ளி

வெயில். துணி காய்ந்தது.

பக்கத்து வீட்டுச் சரசு அக்கா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஐயோ கலா, குகைக் கோயில் மாதிரியே இருக்கு லா! தம்பி ஒத்தக் கையிலயா செஞ்சிச்சி? கண்ணு பட்டுரும்" என்று கூவினார். இவர் சிரித்தார். கோணல் வாய்ச் சிரிப்பு. பார்த்து எவ்வளவு நாள் ஆயிற்று!

சாயங்காலம் தண்ணீர் மாற்றினேன். அட்டை: இன்னும் நீலம், கொஞ்சம் வெளிறி. பெரிய மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. மலையும் வேண்டாம் மண்ணாங்கட்டியும் வேண்டாம், வெறும் கண்ணாடித் தொட்டியிலேயே விட்டுவிடலாமா? எப்படிச் சொல்வது அவரிடம்?

11 அக்., சனி

பச்சை!!

வேலை முடிந்து வந்து கைப்பையைக்கூட வைக்காமல் அட்டையை நனைத்தேன். பச்சை. இன்னொன்று எடுத்து நனைத்தேன். பச்சை.

தண்ணீரில் ஏதோ எலுமிச்சை வாசனை. பாத்திரம் கழுவும் சோப்போ?

"சோப்பு போட்டீங்களா?"

இல்லையென்று தலையாட்டினார். பிறகு, "நாளைக்கி... விடலாம்."

இரண்டு நாள் பொறுக்கச் சொன்னார் தவுக்கே. ஆனால் பெரிய மீன் தாங்காது. சரி என்றுவிட்டேன். சரிதானா? தெரியவில்லை.

இவர் வலது கையைத் துண்டுக்குள் சுருட்டி வைத்திருந்தார். எண்ணெய் தடவப் போனால், வேண்டாம் என்றார்.

12 அக்., ஞாயிறு

வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் மலையை ஒட்டுவதற்காகத் தண்ணீரைக் கொட்டிச் சாய்த்தேன். குகைக்குள்ளிருந்து உருண்டு விழுந்தன, பிழிந்த எலுமிச்சம்பழ மூடிகள். குங்குமம் ஒட்டிக்கொண்டு. நிறைய.

"அக்கா! சரசு அக்கா!"

"நான்தான் லா, நேத்து காலையில" என்றார் வேலிக்கு அந்தப் பக்கம், பெருமையாக. "கண்ணு படக்கூடாதுன்னு சுத்திப் போட்டேன். சும்மா வெட்டிப் போட்டாப் பத்தாதுன்னு புழிஞ்சும் விட்டேன். தம்பி தூங்கிக்கிட்டு இருந்திச்சி."

அந்தப் புளிப்புதான் பச்சை காட்டியிருக்கிறது. மலையில் சுண்ணாம்பு அப்படியே இருக்கிறது. என்ன சொல்ல அக்காவை? நல்ல மனசு.

உள்ளே போய் அவரிடம் சொன்னேன். இன்றைக்கு விட முடியாது, அட்டை பொய், இன்னும் ஊற வேண்டும், எத்தனை நாள் என்று தெரியாது. எல்லாம் சொல்லிவிட்டு, அவர் அறைக்குள் போய்விடுவார் என்று நின்றேன்.

போகவில்லை. இடது கையால் வலது கையைத் துண்டிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார்.

"நேத்து... எரிஞ்சிச்சி."

"எது?"

"இது. தேய்க்கறப்ப. தண்ணி... எரிஞ்சிச்சி."

எனக்குப் புரியவே நேரமானது: குத்தினாலும் தெரியாத கை எரிந்திருக்கிறது.

"ஏங்க சொல்லல?"

"சொன்னா... மீனு விட மாட்ட."

தண்ணீர் சரியில்லை என்று நான் நிறுத்திவிடுவேனாம். அதனால் எரிந்ததை ஒரு நாள் முழுக்க மறைத்திருக்கிறார் மனுஷன்! அழுதேன். திட்டினேன். பிறகு அந்த மூடிகளில் ஒன்றை எடுத்து வந்து அவர் சுண்டுவிரல் வெடிப்பில் ஒரு சொட்டு விட்டேன். பாவம்தான். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

விரல் நகர்ந்தது. கொஞ்சம்தான். "சனியனே" என்றார். குழறாமல்.

நாளை கிளினிக்கில் சொல்ல வேண்டும். பெரிய மீன் மத்தியானம் ஒரு புழுவைக் கடித்துத் துப்பிற்று, இரண்டாவதை விழுங்கிற்று. மலைக்குப் புதுத் தண்ணீர் விட்டேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், கையை மடியில் வைத்துக்கொண்டு.

சாயங்காலம் அட்டை: நீலம். இருக்கட்டும்.