மூன்றாவது கதிரை

அண்ணை,

இன்று காலை கறண்ட் போய் வந்தது. திருநீற்றுத் தட்டைக் கையில் வைத்தபடியே முன் விறாந்தைக்கு ஓடினேன். உங்கள் லைசன்ஸ் சேர்வர் கறண்ட் போனால் தானாக எழும்பாது, யாராவது போய் எழுப்பிவிட வேண்டும். உங்களுக்கும் தேத்தண்ணி கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தால்தானே விடியும். சேர்வரின் யன்னலைத் திரையில் திறந்தேன். "ஸ்டார்ட்டை மட்டும் அமத்து. வேறை ஒண்டிலும் கை வைக்காதை" என்று நீங்கள் போனில் கத்துவது காதில் விழுந்தது. கீரிமலையில் உங்களுக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடித்து ஒரு கிழமைகூட ஆகவில்லை, அதற்குள் அதிகாரம் பண்ண வந்துவிட்டீர்கள்.

ஸ்டார்ட் பொத்தானை அமத்தினேன். விரலில் இருந்த திருநீறு மவுசில் ஒட்டியது. உங்களுக்குப் பிடிக்காது. நான் துடைக்கவில்லை.

மேசையில் உங்கள் நினைவு மலர் கிடக்கிறது. வெளிநாட்டிலிருந்து சித்தப்பாவின் மகன் பாட்டெழுதி அனுப்பியிருக்கிறான்: "கணினிக் கலையின் கோமான், கதிரை தந்து காத்த சீமான்." யாருக்குக் கதிரை தந்தீர்கள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? என்னிடமும் ஒரு பக்கம் கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை. சுவாமி அறையில் இருந்து எழும்பி வந்து பொய் எழுத என்னால் முடியாது, உண்மையை அவர்கள் அச்சடிக்க மாட்டார்கள். அந்தப் பக்கம்தான் இது.

சுவிசில் இருந்து நீங்கள் வந்து இறங்கிய நாள் நினைவிருக்கிறது. பெட்டியை வைக்க முதலே என் முன் விறாந்தையை நீளமும் அகலமும் அளந்தீர்கள். எனக்குச் சீதனமாக வந்த வீடு. பலாலி வீதிக்குக் கிட்ட இப்படி ஓர் இடம் கிடைக்காது என்றீர்கள். இவரிடம் கேட்டேன். "உன்ரை அண்ணை, நீயே பார்" என்று சொல்லிவிட்டு இவர் தோட்டத்துக்குப் போய்விட்டார். அடுத்த மாதம் என் விறாந்தை, வீடு கட்டுவதற்குப் படம் கீறும் கந்தோர் ஆகியது. கறண்டுக்கும் தேத்தண்ணிக்கும் கணக்கு எழுதும் வேலை எனக்கு. 'நிர்வாக இயக்குநர்' என்ற பலகை உங்களுக்கு.

படம் கீறும் அந்த மென்பொருளை ஒரே நேரத்தில் மூன்று பேர் திறக்கலாம் என்றுதான் வாங்கினீர்கள். மூலையில் இருந்த கணினிதான் அந்த மூன்று அனுமதியையும் வைத்துக்கொண்டு, திறப்பவருக்குக் கொடுத்து, மூடியதும் திரும்ப வாங்கும். வேலை செய்யும் பிள்ளைகள் ஒவ்வோர் அனுமதியையும் கதிரை என்றார்கள். விறாந்தை நிறையப் பிளாஸ்ரிக் கதிரைகள் வெறுமையாய்க் கிடக்க, "கதிரை இருக்கோ?" என்று கேட்டுக்கொண்டு நிற்பார்கள். முதன்முதல் கேட்டவர்களுக்குப் பைத்தியக்கார வீடு என்றுதான் தோன்றியிருக்கும்.

தவமும் அவரது மனுசி சுகியும் பக்கத்து ஒழுங்கை. எட்டு மணிக்கே வந்து இரண்டு கதிரையைப் பிடித்துவிடுவார்கள். கௌசி கரவெட்டியில் இருந்து பஸ்ஸில் வரவேண்டும். அவள் வந்து கணினியைத் திறந்தால் அனுமதி இல்லை என்று வரும்.

"அன்ரி, கதிரை இருக்கோ?"

"இல்லையடி பிள்ளை. வா, பயத்தங்காய் முறிப்பம்."

படம் கீறப் படித்த பிள்ளை என் குசினியில் பயத்தங்காய் முறித்தாள். மூன்றுக்குக் காசு கட்டிவிட்டு இரண்டைப் பாவிப்பது எந்தக் கணக்கிலும் சரிவராது. உங்களிடமே கேட்டேன்.

"மற்ற ஒண்டு எங்கை அண்ணை?"

"உந்தக் கம்பனிக்காரர் கள்ளர், தங்கச்சி. மூண்டெண்டு சொல்லிப்போட்டு இரண்டுதான் விடுறாங்கள். நான் கடுதாசி போட்டிருக்கிறன்."

நம்பினேன். முகம் தெரியாத அந்தக் கம்பனிக்காரரைப் பிள்ளையாருக்கு முன்னால் நின்று திட்டியும் இருக்கிறேன். அவர்கள் எந்த ஊரோ, எந்தச் சமயமோ. பாவம்.

அதற்குப் பிறகுதான் மடத்துப் படம் வந்தது. எங்கள் கோயிலுக்கு அன்னதான மடம் கட்ட வேண்டும், படம் இல்லாமல் பிரதேச சபை அனுமதி தராது. நான் கேட்டதற்காகக் கௌசி அதைக் கூலி வாங்காமல் கீறினாள். சுகி வராத ஒரு நாள் அவளுக்குக் கதிரை கிடைத்தது. கோயில் தலைவர் வந்து அவள் பின்னால் நின்று பார்த்தார்.

"பிள்ளை வடிவாய்க் கீறியிருக்கு. என்ன சேர், நீங்களும் உந்தப் பிள்ளையிட்டை வந்து பழகலாம் போலை."

நீங்களும் சிரித்தீர்கள். பல் மட்டும் சிரித்தது. அவர் படலையைத் தாண்டியதும் மூலைக்குப் போய்ச் சேர்வரின் யன்னலைத் திறந்தீர்கள். நான் தேத்தண்ணித் தட்டோடு உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றேன். ஸ்டொப் என்ற பொத்தானுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. அதில் சரி போட்டால், ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தாலும் பார்க்காமல் எல்லாவற்றையும் நிறுத்தும். நீங்கள் சரி போட்டீர்கள். அமத்தினீர்கள்.

கௌசியின் திரையில் அனுமதி போய்விட்டது, சேமிக்கவா என்று வந்தது. பதறிய பிள்ளை வேண்டாம் என்பதை அமத்திவிட்டாள். காலையில் இருந்து கீறியது அவ்வளவும் போயிற்று.

"சேர்வரிலை பிழை. எல்லாரும் பொறுங்கோ" என்று எழும்பி வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, திரும்பப் போய் ஸ்டார்ட்டை அமத்தினீர்கள். தவம் உடனே, "சேர் இல்லாட்டி நாங்கள் என்ன செய்யிறது" என்றார். நீங்கள் அதையும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டீர்கள்.

நான் கண்டேன். நான் கண்டதை நீங்களும் கண்டீர்கள். "தேத்தண்ணிக்குச் சீனி காணாது" என்றீர்கள்.

கௌசி முகத்தைக் கழுவிவிட்டுச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே பஸ்ஸுக்குப் போனாள். "கட்டுப்பாடு இல்லாட்டிக் கந்தோர் இல்லை" என்று அன்று பின்னேரம் சாய்மனைக் கதிரையில் கிடந்து சொன்னீர்கள். சுவிசில் தங்குவதற்கான ஒரு அட்டைக்காக வருடக்கணக்காய் வரிசையில் நின்று, யாரோ ஒருவன் தரும் அனுமதிக்காகக் காத்திருந்த கதையை நீங்களே ஒருமுறை சொல்லியிருக்கிறீர்கள். அதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. அன்று கலங்கவில்லை. காத்திருந்து பழகிய ஆள், கையில் ஒரு பொத்தான் வந்ததும் செய்தது இதுதான்.

இனி இன்றைக்கு வருகிறேன். நான் ஸ்டார்ட்டை அமத்தியதும் தவத்துக்கும் சுகிக்கும் திறந்தது. கௌசி வந்தாள். கைப்பையைத் தோளில் இருந்து இறக்கவில்லை.

"அன்ரி, கொழும்பிலை ஒரு கந்தோரிலை வரச் சொல்லியிருக்கினம். இண்டைக்கு மறுமொழி சொல்லோணும். இஞ்சை எனக்குக் கதிரை இல்லைத்தானே."

"மடத்துப் படம்?"

"தவமண்ணை முடிப்பார்."

"எனக்குச் சுவர்தான் வரும் பிள்ளை. உந்தத் தூபி, வளைவு எல்லாம் வராது" என்றார் தவம். சுகி திரும்பாமலே, "சுவரும் கோணலாய்த்தான் வரும்" என்றாள்.

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. நீங்கள் கை வைக்காதே என்ற இடத்தில் கை வைத்தேன். யார் யாரிடம் கதிரை இருக்கிறது என்று காட்டும் பக்கம் அந்த யன்னலிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டி வாசித்தேன். தவம். சுகி. மூன்றாவது வரியில், ஒதுக்கப்பட்டது என்று போட்டு, உங்கள் பெயர்.

"தவம், உது என்ன?"

தவம் நிலத்தைப் பார்த்தார். "சேர் தனக்கெண்டு ஒதுக்கி வைச்சவர், அக்கா."

"அவர் படம் கீறுறவரோ?"

"இல்லை."

"பிறகேன்?"

"பெரிய ஆக்கள் ஆரும் வந்தால் திறந்து காட்டுவார்."

"தெரிஞ்சுகொண்டே நீர் ஏன் சொல்லேல்லை?"

"சேரல்லோ, அக்கா."

"நான் சொல்லச் சொன்னனான். உவருக்கு வாயிலை கொழுக்கட்டை" என்றாள் சுகி.

அப்படியானால் கம்பனிக்காரர் கள்ளர் இல்லை. கள்ளன் என் வீட்டிலேயே, என் சாய்மனைக் கதிரையில், என் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு இருந்திருக்கிறான். திருடியதுதான் திருடினீர்கள், பாவித்தாவது இருக்கலாம். சாப்பிடவும் மாட்டீர்கள், அடுத்த ஆளுக்கு இலையை விடவும் மாட்டீர்கள். உங்களை வெறுப்பதற்குக்கூட ஒரு பெரிய காரணமாய் நீங்கள் தரவில்லை.

ஒதுக்கீடு ஒரு சின்னக் கோப்பில் ஒற்றை வரியாக இருந்தது. தவம் திறந்து காட்டினார், ஆனால் அழிக்கக் கை போகவில்லை.

"செத்த மனிசன் அக்கா. வருசம் முடிஞ்சு ஆட்டத்திவசம் வரைக்குமெண்டாலும் பேர் கிடக்கட்டும்."

"கீரிமலையிலை பிண்டம் வைச்சு அனுப்பியாச்சு, தவம். அனுப்பின ஆளுக்குக் கதிரை போட்டு வைச்சால் அவர் எப்பிடிப் போறது? நல்லாய்ப் போகட்டும்."

நானே அழித்தேன். தவத்தின் கை உடனே ஸ்டொப்புக்குப் போனது. "நிப்பாட்டித் தொடங்கினால்தான் மாத்தினது பிடிக்கும். சேர் அப்பிடித்தான் செய்யிறவர்."

"ஐயோ, நான் இன்னும் சேவ் பண்ணேல்லை!" என்று சுகி கத்தினாள்.

"அன்ரி, அதுக்குக் கீழை மற்றது" என்றாள் கௌசி. "திரும்ப வாசிக்கச் சொல்லுறது. அதை அமத்தினால் ஒருத்தரும் எழும்பத் தேவையில்லை."

அமத்தினேன். ஒரு திரையும் அணையவில்லை. ஒருவரும் பதறவில்லை. சுகி கீறிக்கொண்டிருந்த கோட்டை நிறுத்தக்கூட இல்லை. பக்கத்தைத் திரும்பப் பார்த்தேன். உங்கள் வரி இல்லை.

அத்தனை வருடமும் அந்தப் பொத்தான் உங்கள் மூக்குக்கு நேரே இருந்திருக்கிறது, அண்ணை. உங்களுக்கு நிறுத்தத் தெரியும், தொடங்கத் தெரியும். எழுதி வைத்ததை ஒருமுறை திரும்ப வாசிக்க வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. உங்களுக்குக் கணினிக் கோமான் என்று பாட்டு வேறு.

கௌசி பையை இறக்கிவிட்டுக் கணினியைத் திறந்தாள். மூன்றாவதாக அவள் பெயர் வந்தது. பிறகு போனை எடுத்துக்கொண்டு தேசிக்காய் மரத்தடிக்குப் போய்க் கதைத்துவிட்டு வந்தாள்.

"என்னடி சொன்னனி?"

"மடம் முடியட்டும் எண்டன். அதுக்குப் பிறகு பாப்பம் அன்ரி."

அவளைப் பிடித்து வைக்க நான் ஆசைப்படவில்லை. பிடித்து வைத்ததெல்லாம் போதும்.

பொழுதுபட விளக்கேற்றினேன். அம்மா போனதில் இருந்து விளக்கடியில் கும்பிடும்போது நான் முதலில் சொல்லும் பெயர் உங்களுடையது. யாரும் சொல்லித் தரவில்லை, நானாக ஒதுக்கி வைத்த இடம். இன்று முதலில் கௌசியைச் சொன்னேன். பிறகு அவள் ஏறிப் போகும் கரவெட்டி பஸ், சுகி, தவத்தின் வாய், தோட்டத்தில் நிற்கும் இவர், முகம் தெரியாத அந்தக் கம்பனிக்காரர். எல்லாரும் முடிந்த பிறகும் திரி எரிந்துகொண்டிருந்தது. நீங்கள் வந்தீர்கள். இடம் இருந்தது, இருந்தீர்கள்.

நாளைக்கும் இருக்கும் என்று சொல்ல மாட்டேன். வந்து வரிசையில் நில்லுங்கள், அண்ணை. உங்களுக்குப் பழக்கம்தானே.