பூச்சியத் திருகும் உன் பிழையும்

மகளுக்குக் காய்ச்சல் விடவில்லை என்று இன்று இரத்தம் எடுக்கக் கொண்டுபோனேன். ஆஸ்பத்திரி மிஸ்ஸி பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து அந்தச் சின்னக் கையைத் துடைத்தாள். அந்த மணத்தில் பிள்ளையின் அழுகை கூட ஒரு கணம் எனக்குக் கேட்கவில்லை. உன் மேசைதான் முன்னால் வந்து நின்றது. பழைய பல் பிரஷை ஸ்பிரிட்டில் தோய்த்து, உப்புக்காற்றில் பூத்துப்போன சர்க்கிட் பலகையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாய். "கழுவாம அளக்காதடி. இந்த ஊர்ல காத்தும் கரண்ட் கடத்தும்."

டிப்ளோமா முடித்த கையோடு கூட்டாளிகள் நாம் இருவரும் மதுரங்குளிக் கடையொன்றில் மீட்டர் திருத்தச் சேர்ந்தோம். இறால் குளத்துத் தண்ணீரில் ஒட்சிசன் எவ்வளவு என்று காட்டும் மீட்டர்களே அங்கே கூடுதலாக வரும். தண்ணீரில் அமிழும் முனை தருவது இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒரு துளி கரண்ட். அதை ஒரு சிப்பும் பெரிய ரெசிஸ்டரும் சேர்ந்து வோல்டேஜாக மாற்றும். அந்தத் துளியில் பொய் கலந்தால் குளத்துக் கணக்கே பொய்.

அன்று வந்த மீட்டர், முனையைக் கழற்றிய பிறகும் ஒட்சிசன் காட்டியது. கடை முதலாளியை நாம் நானா என்றுதான் கூப்பிடுவோம். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "பூச்சியத் திருகத் திருப்பி அனுப்புங்க புள்ள. அஸர் தொழுகைக்கு முந்தி ஆள் வருவான்" என்றார்.

முள்ளைப் பூச்சியத்துக்கு இழுக்கும் அந்தத் திருகை நீ தொடவில்லை. பலகையைக் கழுவிக் காயவைத்தாய், பொய் போகவில்லை. ரெசிஸ்டரைக் கழற்றி, அதில் பத்திலொரு பங்கு மதிப்புள்ளதைப் போட்டாய். பொய்யின் பெரும்பகுதி அதோடு சேர்ந்து சுருங்கியது. கொஞ்சம் மட்டும் அசையாமல் நின்றது.

"பிழை ஒன்டில்லடி, ரெண்டு. சுருங்கினது இந்தச் சிப் தானாக் குடிக்கிற கரண்ட். சுருங்காதது அதுட ஒஃப்செட் வோல்டேஜ். ஒஃப்செட்டத் திருகால சரிக்கட்டலாம். மத்தது சூட்டுக்கு ஏறும்."

பழைய ரெசிஸ்டரைத் திரும்பப் போட்டு, பக்கத்து சலூனில் ஹெயார் டிரையர் இரவல் வாங்கி வந்து சிப்புக்கு ஊதினாய். "என்னடி, மீட்டருக்குக் கலியாணமா?" என்றேன். "ஓம், மாப்பிள்ள மாறிப்போச்சி" என்று சிரித்தாய். முள் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. முந்தித் திருத்திய யாரோ, கரண்ட் குடிக்காத விலைகூடிய சிப்பை எடுத்துவிட்டு மலிவானதைச் செருகியிருந்தார்கள்.

நானாவிடம் காட்டினாய். "ரெண்டு சிப்புட எட்டுக் காலும் ஒன்டுதானே" என்றார்.

"கால் ஒன்டுதான் நானா, வயிறு வேற. இது ஏசி ரூம். அங்க இத ஜெனரேட்டர் கொட்டில்லதான் தொங்க விடுவாங்க."

அவர் உன் கையிலிருந்து ஸ்குரூ டிரைவரை வாங்கி, குளிர்ந்த அறையில், தானே திருகைத் திருப்பி முள்ளைப் பூச்சியத்தில் நிறுத்தினார். உனக்குப் பக்கத்தில் நின்று நான் பார்த்தேன்.

அந்த வாரமே ஒரு விடியற்காலையில் குளத்து இறால் எல்லாம் மிதந்தது. கொட்டில் சூட்டில் மீட்டர் ஒட்சிசன் போதும் என்று காட்ட, தண்ணீருக்குக் காற்றூட்டும் சக்கரங்களை யாரும் போடவில்லை. பண்ணைக்காரர் கடைக்கு வந்து கத்தினார். நானா கதிரையை விட்டு எழும்பாமலே சொன்னார்: "அது அந்தப் புள்ளட பிழை. நல்ல புள்ளதான், கையில கொஞ்சம் அவசரம்."

"திருகினது நீங்கதானே நானா?" என்றேன்.

"கூட்டாளிக்குக் கூட்டாளி சாட்சி. நல்லா இரிக்கி கதை." பண்ணைக்காரரும் சேர்ந்து சிரித்தார்.

மீட்டர் எப்போது பொய் சொன்னாலும் "யார்ட பிழை இது?" என்று கேட்டுக்கொண்டுதான் நீ தொடங்குவாய். சிப்பினதா, ரெசிஸ்டரினதா, உப்பினதா என்று ஒவ்வொன்றாக விலக்கிப் பார்ப்பாய். அன்று உனக்கு அப்படி யாரும் பார்க்கவில்லை. புத்தளத்திலிருந்து சிலாபம் வரைக்கும் வேறு வேலை தேடி நீ ஏறிய கடைகளில் எல்லாம் அந்த "அவசரம்" உனக்கு முந்தி ஏறியிருந்தது. பிறகு வந்த மழைக்காலத்துக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது.

உன் ஊரான கனமூலையில் மையித்து வீட்டுக்கு நானாவும் வந்தார். உன் வாப்பாவின் தோளைப் பிடித்து, "அந்தப் பிழைய நான் எப்பவோ மன்னிச்சிட்டன் காக்கா" என்றார். உன் வாப்பா அழுதுகொண்டே அவருடைய கையைப் பிடித்து நன்றி சொன்னார். நன்றி! அவர் போன பிறகு நான் வாப்பாவின் பக்கத்தில் குந்தி, "மாமா, உங்கட மகள் பிழை செய்யல்ல" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "விடுங்க மகள். மௌத்தான புள்ள. அல்லாஹ் அறிவான்."

அறிவான். ஊர் அறியவில்லையே.

எனக்கு இப்போது எந்த எண்ணிலும் நம்பிக்கை இல்லை. காய்ச்சலை அளந்தால், போர்வையை எடுத்துவிட்டு மறுபடி அளக்கிறேன். ஃபேனைப் போட்டு மறுபடி அளக்கிறேன். மாமி, "படிச்ச பைத்தியம்" என்கிறார். இரத்தத்தில் பயப்பட ஒன்றும் இல்லை என்று துண்டு வந்த பிறகும் என் கை ஓயவில்லை. நீ விட்டுப்போனது இந்தச் சந்தேகம்தான். இதை வைத்து உன்னில் பிழை இல்லை என்று நிரூபிக்கத்தான் எனக்கு முடியவில்லை.

கலியாண வீட்டிலோ பஸ்ஸிலோ யாராவது உன் பேச்சை எடுத்து, "பாவம், நல்ல புள்ள, கையில கொஞ்சம் அவசரம்" என்றால் இன்றைக்கும் நான் விடுவதில்லை. பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, ரெசிஸ்டரிலிருந்து தொடங்கி முழுவதும் சொல்கிறேன். அவ அவசரப்படல்ல, அவசரப்பட்டது அவர் என்கிறேன். அவர்கள் தலையை ஆட்டிக் கேட்கிறார்கள். கேட்டுவிட்டு, பிள்ளை ஏன் மெலிந்திருக்கிறாள் என்று விசாரிக்கிறார்கள்.