உட்கார்ந்தே தூங்கும் மெத்தைக்காரன்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நான் நலம் என்று எழுதினால் உன் அம்மா பேனாவைப் பிடுங்கிவிடுவாள். அதனால் நீ நலமா என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

போன வாரம் கடையில் என் மானம் கப்பலேறியது. நான் மெத்தை விற்கிற லட்சணம் உனக்குத் தெரியுமே. செருப்பைக் கழற்றிவிட்டு நானே மல்லாந்து, கண்ணை மூடி, ஒரு குறட்டையும் விட்டுக் காட்டுவேன். சிரித்துக்கொண்டே வாங்கிவிடுவார்கள். அன்று புதிதாகக் கல்யாணமான ஜோடி வந்தது. படுத்தேன். குறட்டைக்கு இழுத்தால் மூச்சு வரவில்லை. நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி. பதறி எழுந்து வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்தேன். அந்தப் பெண் புருஷனிடம், "இந்த மெத்தை வேணாங்க, அவருக்கே ஆகல பாருங்க" என்று இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கொஞ்ச நாளாகவே இந்தக் கூத்துதான். உட்கார்ந்தால் சுகம், படுத்தால் மூச்சு முட்டும். ஒரு தலையணை இரண்டாகி, மூன்றாகி, இப்போது நாற்காலியில்தான் தூக்கம். அம்மா டாக்டரிடம் இழுத்துப் போனாள். எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள் என்று கேட்டார். மொத்தமாக எடுத்தால் தள்ளுபடி உண்டு டாக்டர் என்றேன். அவர் சிரிக்கவில்லை. அம்மா தொடையில் கிள்ளினாள்.

இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லையாம். அதனால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறதாம். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அடுத்த வாரம் ஆபரேஷன்.

முதலாளி, "வீட்ல ஓய்வெடுங்கண்ணே" என்றார். முடியாது என்று மறுநாளே கடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். வந்தவர்களைப் படுக்கச் சொல்லி, குறட்டையை மட்டும் நான் விட்டேன். ஒருவர் நிஜமாகவே தூங்கிப்போனார். அவர் மனைவி, "இதையே கட்டிக் குடுங்க, ஆளோட சேத்து" என்றாள். எல்லா வியாதியும் மனுஷனைப் படுக்க வைக்கும். எனக்கு வந்தது படுக்கவிடாத வியாதி. விடாவிட்டால் போ, உட்கார்ந்தே உன்னை ஒரு கை பார்க்கிறேன் என்று அதனிடமும் சொல்லிவிட்டேன்.

ஆபரேஷன் மேசையில் மல்லாக்கத்தான் படுக்க வைப்பார்களாம். உட்கார வைத்துச் செய்யக் கூடாதா என்று டாக்டரிடம் கேட்டேன். அதற்குத்தான் அந்த மனுஷர் முதன்முதலாகச் சிரித்தார்.

உனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. லீவு போட்டு ஓடிவருவதாக அம்மாவிடம் சொன்னாயாமே. "வரச் சொல்லவா?" என்று நேற்று கேட்டாள். "நான் என்ன போய்ச் சேந்துட்டேனா? அவ வேலையப் பாக்கட்டும்" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்தினேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும்.

அம்மாவிடம் வாய்விட்டுச் சொல்லாதது ஒன்று உண்டு. உள்ளே கொண்டுபோகிற வரைக்கும் நீ பக்கத்தில் நின்றால், நான் பயமில்லாமல் படுத்துவிடுவேன் கண்ணு.

உன் அப்பா