பச்சைக் காரின் இடது சீட்டு

என் வகுப்புத் தோழனாக வந்து, என் தங்கையைக் கட்டி மச்சானாக மாறி, கடைசிவரை என் பேச்சைக் கேட்காமலேயே போய்விட்ட குமரேசா,

உன் காரை விற்கப்போகிறோம். முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேசினால் நீ பாதியில் எழுந்து போய்விடுவாய், உன் குணம் எனக்குத் தெரியாதா?

என் தங்கை லெச்சுமி கூலாய் ஊருக்குக் குடிபோகிறாள். உன் மகள் தீபாவுக்கு இரண்டாவதும் பெண் பிறந்திருக்கிறது. புருஷன் பெண்டாட்டி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அவர்கள் இருப்பது ஆறாவது மாடி. கீழே கார் நிறுத்த ஒரே ஓர் இடம், அதற்கும் கூரை கிடையாது. குளுவாங் வீட்டை அடுத்த மாதத்திலிருந்து வாடகைக்கு விடப் பேசியாயிற்று.

நீ போய்ப் பதினான்கு மாதமாகக் கார் வீட்டு முகப்பில் துணி போர்த்திக்கொண்டு நிற்கிறது. வாரம் ஒரு தடவை என் ஊர் பாசிர் கூடாங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து இஞ்சினை ஓடவிட்டுப் போகிறேன். எனக்கும் அறுபத்து நான்கு ஆகிறது, மச்சான். இடுப்பு முன்புபோல் இல்லை. கார் நின்றால் துருப்பிடிக்கிறது, ஓடினால் எண்ணெய் ஒழுகுகிறது. ஒழுகட்டும், உள்ளே எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தம் என்று நீ சொல்வாய். அந்தப் பேச்சுக்கு இப்போது சிரிக்க ஆள் இல்லை.

விளம்பரம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. ‘பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு இருக்கை. கரும்பச்சை. மடக்குக் கூரை. கம்பிச் சக்கரங்கள். முழுக்கப் புதுப்பித்தது’ என்று எழுதினேன். ஒன்பது வருஷத்தை இப்படிப் பத்துப் பன்னிரண்டு வார்த்தையில் முடித்ததற்கு நீ என்னைச் சும்மா விடமாட்டாய். ஆனால் பேனாவைப் பிடித்தபடி நான் யோசித்ததெல்லாம் அந்தக் கோழியைப் பற்றித்தான்.

நினைவிருக்கிறதா? ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட தோட்டம். துரை பங்களாவை இடிக்கப்போகிறார்கள், பின் கொட்டகையில் ஒரு கார் கிடக்கிறது, தூக்கிக்கொண்டு போகிறவனுக்கே சொந்தம் என்று நிர்வாகி சொல்லியிருந்தார். நீ பாமாயில் மில்லில் ஃபிட்டர், நான் பாசிர் கூடாங்கில் ஷிப்ட் வேலை. இருவரும் லீவு போட்டு லோரியோடு போனோம். தார்ப்பாயை விலக்கினால், தரையெல்லாம் ஓட்டை, கூரைத் துணி மக்கிப்போயிருக்கிறது, இடது சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருக்கிறது. நான் விரட்டப் போனேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

“விடுடா மச்சான். அது முதல்ல வந்துடுச்சு. நாம அப்புறம் வருவோம்.”

லோரிக்காரன் நம் இருவரையும் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. மூன்று வாரம் காத்திருந்து, குஞ்சு பொரித்து, தாயும் குஞ்சுகளும் நடந்துபோன பிறகுதான் காரைத் தூக்கினோம். அந்தச் சீட்டில் எனக்கு முன்னால் உட்கார்ந்தது கோழிதான் என்று நீ எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாய்.

பிறகு ஒன்பது வருஷம். என் ஓய்வு நாள் எல்லாம் குளுவாங்கில்தான் கழிந்தது. கார்புரேட்டருக்கு ஒரு சின்ன வளையம் இங்கிலாந்திலிருந்து வந்து சேர இரண்டு மாதம் காத்திருப்போம். வந்ததைப் பார்த்தால் அளவு தப்பாக இருக்கும். நீ ஒரு வார்த்தை பேசாமல் மில்லுக்குக் கொண்டுபோய்க் கடைசல் பிடித்துக்கொண்டு வருவாய். நான்தான் நாள் முழுக்க யாரையாவது திட்டிக்கொண்டிருப்பேன். லெச்சுமி சமையலறை ஜன்னல் வழியாகத் தேநீரை நீட்டுவாள். நாம் வாங்கிக் குடிப்போம். அவ்வளவுதான் அவளுக்கும் காருக்கும் இருந்த சம்பந்தம் என்று நான் நினைத்திருந்தேன்.

சாயம் அடித்த ஆ லியோங்கை மறந்திருக்கமாட்டாய். காரை வெளியே தள்ளிவிட்டு, “சத்து பூலான் ஜாங்ஙான் பெகாங் லா,” என்றான். ஒரு மாதம் கை வைக்காதே, சாயம் இன்னும் இறுகவில்லை. நீ தலையாட்டினாய். நான் விட்டேனா? அடுத்த வெள்ளிக்கிழமை வளர்பிறை, அதை விட்டால் நல்ல நாள் கிடைக்காது, பூசை போடாத வண்டியில் நான் ஏறமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தேன். கடைசியில் ஒன்பதாம் நாளே மாரியம்மன் கோயில் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினோம்.

நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. ஐயர் தீபாராதனை காட்டிவிட்டு, வீட்டுப் பெண் வந்து பொட்டு வைக்கட்டும் என்றார். லெச்சுமி சந்தனத்தைக் குழைத்து, குங்குமத்தைத் தொட்டு, பானெட்டின் நடுவில் மோதிர விரலால் அழுத்தி வைத்தாள். உச்சி வெயில். பிறகு அன்னதானம் சாப்பிட உட்கார்ந்துவிட்டோம். வீட்டுக்கு வந்து துடைத்தபோது பொட்டு போய்விட்டது, விரல் போகவில்லை. மெத்தென்றிருந்த சாயத்தில் அவள் விரல் ரேகை அப்படியே பதிந்து, அதைச் சுற்றி மங்கலாக ஒரு சிவப்பு வட்டம்.

அலமாக், போச்சே என்று நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். லெச்சுமி அழுதாள். ஆ லியோங் தன் மொழியில் என் பரம்பரையையே விசாரித்தான். பிறகு மனசு கேட்காமல், பானெட்டைக் கழற்றிக் கொடு, திரும்ப அடித்துத் தருகிறேன் என்றான். நீ மட்டும் குனிந்து ரொம்ப நேரம் அந்த ரேகையைப் பார்த்தாய். “இருக்கட்டும்,” என்றாய்.  அது என்னால் வந்த வடு. உன் பெருந்தன்மையால் நீ பொறுத்துக்கொண்டாய் என்று நான் வருஷக்கணக்காக நினைத்துக் கூசிப்போயிருந்தேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள். காலையில் ரயில் ஸ்டேஷன் பக்கம் காப்பி, வாட்டிய ரொட்டி. அங்கிருந்து கூரையை மடக்கிவிட்டு மெர்சிங் சாலை. இரண்டு பக்கமும் செம்பனை, நடுவில் நம் சத்தம். வலது பக்கம் நீ, இடது பக்கம் நான். சிக்னலில் நிற்கும்போது பக்கத்துக் காரில் பிள்ளைகள் கைகாட்டினால் நீ மாப்பிள்ளை மாதிரி தலையை ஆட்டுவாய். நான் வாழ்ந்ததில் நல்ல நேரம் எது என்று யாராவது கேட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமைகளைத்தான் சொல்வேன்.

இனிமேல் சொல்லப்போவதுதான் விஷயம்.

போன மாதம், வாங்க வருகிறவர்கள் பார்ப்பதற்குள் அந்த வடுவை எடுத்துவிடலாம் என்று பாலிஷ் பசையும் துணியும் கொண்டுவந்தேன். மெல்லத் தேய்த்தால் ரேகை போய்விடும் என்று கடைக்காரன் சொன்னான். காலைச் சாப்பாடு முடிந்து, துணியில் பசையை எடுத்துக்கொண்டு குனிந்தேன். ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

“அண்ணே, என்ன செய்றீங்க?”

“உன் பொட்டைத்தான் எடுக்கிறேன். வாங்குறவன் கேப்பான்லா.”

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தாள். என் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டாள்.

“கேக்கட்டும். நான் பதில் சொல்றேன். அதைத் தொடாதீங்க.”

“ஏன்மா? என் தப்புக்கு வந்த கறை அது.”

“உங்களுக்குக் கறை. அந்தக் கார்ல எனக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான்.”

எனக்குப் புரியவில்லை. புரியாதது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

“அண்ணே, கோயில்ல இருந்து வீட்டுக்கு வந்தது ஒரு வாட்டி. அதுக்கப்புறம் நான் அதுல ஏறவே இல்ல. தெரியுமா?”

“உனக்கு இடுப்பு வலின்னு சொல்வியே.”

“எப்ப சொன்னேன்? நீங்க வந்து செருப்பு போட்டுக்கிட்டு நின்ன பிறகு சொன்னேன். இருக்கிறதே ரெண்டு சீட்டு. வேற என்னத்த சொல்றது?” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், மச்சான். “ஒரு கோழிக்கு மூணு வாரம் இடம் விட்டீங்க. எனக்கு ஒரு ஞாயித்துக்கிழமை விடல.”

நான் சக்கரத்தின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் சொன்னதில் கோபம் இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். எத்தனை ஞாயிறு என்று எண்ணிப் பார்க்கவே பயமாக இருந்தது. சொந்தத் தங்கையின் இடத்தில் அத்தனை வருஷம் உட்கார்ந்து, காலை நீட்டி, காற்று வாங்கிக்கொண்டு போயிருக்கிறேன். எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. உனக்குத் தோன்றியதா? கூப்பிட்டு அவள் மறுத்தாளா, இல்லை நீயும் கூப்பிடவே இல்லையா? அந்த ரேகையை நீ அழிக்காமல் வைத்திருந்தது எனக்காக இல்லை என்று மட்டும் இப்போது தெரிகிறது. அதை அவளிடம் சொன்னாயா, மச்சான்?

எழுந்து போய் இடது கதவைத் திறந்தேன். “ஏறும்மா, போலாம்,” என்றேன். அவள் என்னைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனாள்.

“அது உங்க சீட்டு. உங்க உடம்புக்குப் பழகிப்போச்சு. நான் ஓட்டுறேன்.”

பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலைக்கு இருபது வருஷம் கியர் வேன் ஓட்டினவள்தான். ஆனாலும் இது வேறு வண்டி ஆயிற்றே என்று நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். அவள் சோக்கைப் பாதி இழுத்தாள். சாவியைத் திருப்பினாள். இஞ்சின் சூடேறும்வரை காத்திருந்து, சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளினாள். நான் வாயைத் திறப்பதற்குள், “முழுசா நின்ன பிறகுதான் ஒண்ணாம் கியர், இல்லாட்டி கத்தும். தெரியும்,” என்றாள்.

“யாரு சொல்லிக் குடுத்தா?”

“ஒம்போது வருஷம் ஜன்னலுக்கு வெளிய ரெண்டு பேரும் வேற என்ன பேசினீங்க?”

மெர்சிங் சாலையில் அவள் மூன்றாம் கியரிலிருந்து நான்குக்கு மாற்றியபோது எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. நீகூட அங்கே ஒரு முனகல் வரவைப்பாய். முடி கலைந்து முகமெல்லாம் விழுந்தது, ஒதுக்கக்கூட இல்லை. ஒரு வளைவில், “இதுக்குத்தானா அவரு இவ்வளவு சிரிச்சிக்கிட்டு வீட்டுக்கு வருவாரு,” என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் என் பக்கத்துச் செம்பனைகளை எண்ணிக்கொண்டு வந்தேன்.

இனி விற்பனை வேண்டாம், காரை நான் பாசிர் கூடாங்குக்கு எடுத்துப் போய் வைத்துக்கொள்கிறேன் என்றேன். அவள் ஒப்பவில்லை. உங்கள் மாடி வீட்டிலும் வெயில்தான், மழைதான், துருப்பிடித்துச் சாகவா அவர் இதை உயிரோடு கொண்டுவந்தார் என்று கேட்டாள். விற்பது என்றே முடிவாயிற்று. ஆனால் விளம்பரத்தை அவளே திருத்தினாள். கடைசியில் ஒரு வரி சேர்த்தாள்: ‘பானெட்டில் ஒரு விரல் அடையாளம் உண்டு. அதை அழிக்காதவருக்கு மட்டும்.’

அந்த ஒரு வரியால் பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்களில் ஒருவன், வாங்கிய பிறகு என் இஷ்டம்தானே என்றான். அவனுக்குத் தேநீர்கூடக் கிடைக்கவில்லை. இன்னொருவர் நேராகப் பானெட்டைத் தூக்கி, ஒரு மணி நேரம் இஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார். நல்ல மனிதர், விவரம் தெரிந்தவர். எனக்குப் பிடித்திருந்தது. லெச்சுமி ஜன்னலிலிருந்தே வேண்டாம் என்று தலையை அசைத்துவிட்டாள்.

மூன்றாவதாகப் பத்து பஹாட் ஊரிலிருந்து ஒரு மலாய் ஆசிரியர் வந்தார், ஓய்வு பெற்றவர். மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் இஞ்சினைக் கேட்கவில்லை, வண்டிப் பதிவுக் கிரானைக் காட்டு என்று கேட்கவில்லை. முதலில் இடது கதவைத் திறந்து, மனைவியைக் கைபிடித்து உட்காரவைத்தார். முட்டி இடிக்கிறதா, வெயில் கண்ணில் படுகிறதா என்று கேட்டார். அந்த அம்மாள் பானெட்டைப் பார்த்து, இது யார் விரல் என்று மலாயில் கேட்டார். லெச்சுமி தன் மோதிர விரலைக் காட்டினாள். இருவரும் ஏதோ ரொம்ப நாள் பழகியவர்கள்போல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“இவருக்குத்தான்,” என்று லெச்சுமி என் காதருகே சொன்னாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் கொஞ்சம் புத்தி வந்திருக்கிறது.

சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்வார்கள். இன்று திங்கள், அதுவரை நானும் இங்கேயே தங்குகிறேன். நடுவில் நான்கு நாள் முழுசாக இருக்கிறது. அவள் தினமும் காலையில் மெர்சிங் சாலைக்குப் போகப்போகிறாளாம். நேற்றே என்னைக் கூப்பிட்டாள். நான் வரமாட்டேன் என்றேன். என் கப்சாய் மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே வருகிறேன், வண்டி நின்றுவிட்டால் தள்ள ஆள் வேண்டுமே என்றேன். நம்பினாளா தெரியவில்லை. அவள் சொன்ன இடுப்பு வலி மாதிரி இது என் சாக்கு.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன், மச்சான். அந்த இடது சீட்டில் இனி நான் உட்காரமாட்டேன். நாளைக் காலை கதவைத் திறந்துவைக்கிறேன். நீ போய் உட்கார்ந்துகொள். கியரைப் பற்றி ஒன்றும் சொல்லாதே, அவளுக்குத் தெரியும். அவள் ஓட்டட்டும்.

உன் சீட்டை அல்ல, அவள் சீட்டை இத்தனை வருஷம் பிடித்துவைத்திருந்த
உன் மச்சான்,
லெச்சுமியின் அண்ணன்
சேகரன்
குளுவாங்